ஒன்பதாம் கேள்வியில் நின்றவர்கள்

கண்ணாயி பஸ் ஏறுவதைப் பார்க்க வேண்டும். கண்டக்டர் விசில் ஊதட்டும், பின்னால் நிற்பவர்கள் இடிக்கட்டும், டிரைவர் வந்து உட்கார்ந்து சாவியைத் திருப்பும் வரை அவர் படியில் கால் வைக்க மாட்டார். "ஓட்டறவன் மொகத்தப் பாக்காம வண்டில ஏறப்படாது" என்பார். அந்த முகத்தில் என்ன தேடுகிறார் என்று யாருக்கும் தெரியாது. சில நாள் பார்த்துவிட்டு ஏறாமலே திரும்பியதும் உண்டு.

சொட்டு மருந்து கொடுக்க வந்த நர்ஸிடம் முதல் சொட்டைத் தன் நாக்கில் விடச் சொன்னவர். மிளகு வாங்க வரும் வியாபாரியின் தராசுத் தட்டைக் கவிழ்த்து அடியில் தடவிப் பார்ப்பவர். போட்டோவுக்கு நிற்கமாட்டார். "கண்ணாயி கனவுல ஆரு வந்தாலும் எந்த ஊருன்னு கேட்டுட்டுத்தான் உள்ள உடுவா" என்று சொல்லிச் சிரிப்பார் அவர் புருஷன் செங்கோடன். சிரிக்கும்போதும் ஒரு கண் மனைவி மேல் இருக்கும்.

மலைமேல் எடப்புளி நாட்டில் ஓடைக்காடு என்ற சிற்றூர் அவர்களுடையது. கொஞ்சம் சாமை, கொஞ்சம் மரவள்ளி, சில்வர் ஓக் மரங்களில் ஏற்றிவிட்ட மிளகுக்கொடி. அதற்கு மேல், ரோடு வளைகிற இடத்தில்தான் எங்கள் நடுநிலைப் பள்ளி. நான் அங்கே பகுதிநேரக் கம்ப்யூட்டர் ஆசிரியர். அடிவாரத்துக் காளப்பநாயக்கன்பட்டியிலிருந்து காலை பஸ்ஸில் ஏறி வருவேன். சேர்ந்த புதிதில் கண்ணாயி என்னை வழிமறித்துக் கேட்டார்.

"ஏனுங்க சாரு, கீழ இருந்து தெனமும் மேல வாரீங்களே, கீழ பள்ளிக்கூடமே இல்லீங்களா?"

எனக்குப் பொதுவாகவே பதில் தாமதமாகத்தான் வரும். அதற்குள் எதிரில் இருப்பவர் ஒரு முடிவுக்கு வந்திருப்பார். அன்று கண்ணாயி வந்த முடிவு அவர் முகத்தில் தெரிந்தது. இவன் எதையோ மறைக்கிறான்.

அவருடைய மகள் கோகிலவாணி ஏழாம் வகுப்பு. அதிகம் பேசாத பெண். கரும்பலகையில் நான் ஏதாவது தப்பாக எழுதினால் கை தூக்க மாட்டாள், சொல்லவும் மாட்டாள். பேனாவை மூடிவிடுவாள். நான் திரும்பிப் பார்த்து, தப்பைக் கண்டுபிடித்துத் திருத்தியதும் திறப்பாள். சில மாதம் கழித்துத்தான் இது எனக்கு உறைத்தது. அதன் பிறகு நான் பலகையைப் பார்த்ததைவிட அவள் பேனாவைப் பார்த்ததுதான் அதிகம்.

கணக்கு எடுக்கும் மெர்சி டீச்சரும் இதைக் கவனித்திருந்தார். திருச்சியிலிருந்து மாற்றலில் வந்தவர். மலையில் வேலை கிடைத்தவர்கள் வந்த அன்றே இறங்கும் வழியைப் பற்றிப் பேசுவார்கள். அவர் அப்படிப் பேசவில்லை. அதனாலேயே அவர் மேல் எல்லோருக்கும் ஒரு சந்தேகம் இருந்தது.

ஒரு நாள் மத்தியானம் சாப்பிடும்போது என்னிடம் சொன்னார். "முரளி, ஆறு ஏழு எட்டு மூணு வகுப்புலயும் சில பிள்ளைங்க இருக்காங்க. நாம பாடத்த ஆரம்பிக்கும்போதே முடிச்சிடறாங்க. அப்புறம் என்ன பண்ணுவாங்க? ஜன்னலப் பாப்பாங்க. இல்லன்னா பக்கத்துல இருக்கிறவன் முடியப் பிடிச்சு இழுப்பாங்க. இந்த வயசு பொல்லாதது. புத்தி ஒரு பக்கம் ஓடும், உடம்பு ஒரு பக்கம் ஓடும், மனசு நடுவுல மாட்டிக்கும். கெட்டிக்காரின்னு தெரிஞ்சா கூட்டாளிங்க விலகிப் போயிடுவாங்களோன்னு தெரியாத மாதிரி நடிக்கக்கூடக் கத்துக்குவாங்க."

"எப்படி டீச்சர் தெரியும்?"

"என்னை நாலாவதுல இருந்து நேரா ஆறாவதுல கொண்டுபோய் உக்கார வெச்சாங்க. பாடமெல்லாம் புரிஞ்சுது. சாப்பாட்டு டப்பாவ மட்டும் ரெண்டு வருஷம் தனியாத் திறந்து தின்னேன்."

அதனால் அவர் திட்டம் வகுப்பு ஏற்றுவதல்ல. வாரத்தில் இரண்டு மத்தியானம், மூன்று வகுப்பிலிருந்தும் அப்படிப்பட்ட பிள்ளைகள் ஒரே அறையில் சேர்வார்கள். தெரிந்த பாடத்தைத் திரும்பப் படிக்க வேண்டாம். ஆளுக்கொரு கேள்வியை எடுத்துக்கொண்டு அது போகிற தூரம் போகலாம். தன்னைப் போல யோசிக்கிற இன்னொருத்தர் பக்கத்தில் இருப்பார். மனதில் கிடப்பதைப் பேச ஒரு பெரியவர் இருப்பார். மற்ற நாட்களில் வழக்கம் போலத் தங்கள் வகுப்பில், தங்கள் கூட்டாளிகளோடு.

யார் யார் என்று தெரிந்துகொள்ள ஒரு சோதனைத் தாள் தயாரித்தார். எளிதில் தொடங்கிப் போகப் போகக் கடினமாகும் பதினைந்து கேள்விகள். மேலே ஒரே ஒரு வரி: உன்னால் முடிந்த தூரம் போ. அதைக் கம்ப்யூட்டரில் அடித்துக் கொடுத்தவன் நான். மூன்று வகுப்பையும் ஒரே அறையில் உட்கார வைத்து எழுத வைத்தோம்.

தாள்களைத் திருத்தியபோதுதான் வினை ஆரம்பித்தது.

மற்ற ஊர்ப் பிள்ளைகள் நாலில் நின்றார்கள், ஏழில் நின்றார்கள், ஒருவன் பன்னிரண்டு வரை தட்டுத்தடுமாறிப் போயிருந்தான். ஓடைக்காட்டுப் பிள்ளைகள் மட்டும், ஆறாவது ஆகட்டும் எட்டாவது ஆகட்டும், எல்லோரும் ஒன்பதாம் கேள்வியோடு நின்றிருந்தார்கள். பத்தில் ஒரு கோடுகூட இல்லை.

தலைமையாசிரியர் பிலிப் சார் மூக்குக்கண்ணாடியை ஏற்றிக்கொண்டு தாள்களைப் பரப்பினார். "காப்பியடிச்சிருக்காங்க. இல்லன்னா கேள்வித்தாள் முன்னாடியே வெளிய போயிருக்கு. ஒன்பது வரைக்கும் யாரோ சொல்லிக் கொடுத்திருக்காங்க." பிறகு மெதுவாக என் பக்கம் திரும்பினார். "உங்க கம்ப்யூட்டர்லதானே அடிச்சீங்க, முரளி?"

எனக்கு முகம் சுட்டது. நான் மறுத்துச் சொல்லாமல் இருந்ததை அவர் நன்றாகக் கவனித்துக்கொண்டார்.

மெர்சி டீச்சருக்கும் சந்தேகம்தான். ஆனால் அவர் தாள்களை விடவில்லை. "காப்பியடிச்சா விடையும் ஒண்ணா இருக்கணுமே சார். ராதிகா அஞ்சாவதத் தப்பாப் போட்டிருக்கா. கோகிலா சரியாப் போட்டிருக்கா. விடை வேற வேற. நின்ன இடம் மட்டும்தான் ஒண்ணு." ராதிகா ஓடைக்காட்டிலிருந்து வரும் ஆறாம் வகுப்புச் சிறுமி. பாடம் மெதுவாகத்தான் ஏறும்.

"அப்ப இன்னும் பெரிய திருட்டு" என்றார் பிலிப் சார்.

கோகிலவாணியை மட்டும் தனியாக உட்கார வைத்து மறுபடி எழுத வைப்பது என்று முடிவானது. மறுநாள் ஆபீஸ் அறையில் உட்கார வைத்தார் டீச்சர். அன்றைக்கென்று குரங்குக் கூட்டம் பள்ளியைச் சுற்றியே திரிந்தது. ஒரு சாப்பாட்டுப் பை ஏற்கெனவே கூரைக்குப் போயிருந்தது. டீச்சர் கதவைச் சாத்தினார்.

அந்த நேரம் பார்த்துக் கண்ணாயி வந்தார். மகள் மறந்துவிட்டுப் போன குடையைக் கொடுக்க வந்தவர். ஜன்னல் கம்பி வழியாகத் தன் பெண் மட்டும் ஒரு மேஜை முன்னால், எதிரில் டீச்சர், கதவு சாத்தியிருப்பதைப் பார்த்தார். தட்டவில்லை. தள்ளித் திறந்துகொண்டு உள்ளே போய்விட்டார். நான் வாசலில் நின்றேன்.

"கதவ எதுக்குங்க சாத்துனீங்க?"

"குரங்கு வருதும்மா. பையெல்லாம் தூக்கிட்டுப் போயிடுது."

"கொரங்கு நேத்துந்தான் வந்துச்சு. நேத்து சாத்தலீங்களே?"

டீச்சர் சிரித்துப் பார்த்தார். அது எடுபடவில்லை. "பயப்பட ஒண்ணும் இல்லம்மா. உங்க பொண்ணு நல்ல கெட்டிக்காரி. கெட்டிக்காரப் பிள்ளைங்களாப் பாத்துத் தனியாத் தேர்ந்தெடுத்து..."

கண்ணாயியின் முகம் மாறியதை நான் பார்த்தேன். கோபம் வந்த முகம் இல்லை அது. நெடுநாளாக எதிர்பார்த்திருந்த ஒருவர் கடைசியில் வந்து சேர்ந்துவிட்டதைப் போல இருந்தது.

"தேர்ந்தெடுத்து?" என்றார். "கோகிலா, பையெ எடு."

"அம்மா, ஒரு நிமிஷம்..." என்றார் டீச்சர்.

"இருக்கட்டுங்க. எம்புள்ளைக்குப் படிச்சது போதும். காடு இருக்குது, களை கெடக்குது."

மறுநாள் கோகிலவாணி வரவில்லை. அதற்கு அடுத்த நாளும் இல்லை. ராதிகாவைக் கேட்டால் தரையைப் பார்த்தாள். முள்ளுக்குறிச்சியில் இருக்கும் மாமன் ஊட்டுக்கு அனுப்பப் போகிறார்கள், அங்கே மாடு மேய்க்க ஆள் வேண்டுமாம் என்று சத்துணவு அக்கா சொன்னார். "ஏழாவதோட முடிஞ்சுது அந்தப் புள்ள படிப்பு. கண்ணாயி ஒரு தடவ முடிச்சா முடிச்சதுதான்."

பிலிப் சார் இன்னொரு கோணத்தில் யோசித்தார். "பாத்தீங்களா, மாட்டிக்கிட்டோம்னு தெரிஞ்சதும் பொண்ணையே நிறுத்திட்டாங்க."

சனிக்கிழமை மெர்சி டீச்சர் ஓடைக்காட்டுக்குக் கிளம்பினார். துணைக்கு என்னைக் கூப்பிட்டார். பிலிப் சாருக்கு என் மேல் இருந்த சந்தேகம் தீர இது ஒன்றுதான் வழி என்று எனக்கும் பட்டது.

சாமைக் காட்டில் களை எடுத்துக்கொண்டிருந்தார்கள். ஆடி மாதத்துத் தூறல் விழுவதா வேண்டாமா என்று நின்றுகொண்டிருந்தது. அன்று கண்ணாயியின் காடு. அக்கம்பக்கத்துப் பெண்கள் மாத்தாளாக வந்திருந்தார்கள். இன்று இவர் காட்டுக்கு அவர்கள், நாளை அவர்கள் காட்டுக்கு இவர். எங்களைப் பார்த்ததும் பேச்சு நின்றது. கண்ணாயி ஒரு கல்லைக் காட்டினார். "உக்காருங்க. வேல முடியோணும்." அவ்வளவுதான். தண்ணீர் வேண்டுமா என்றுகூடக் கேட்கவில்லை.

உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தோம். ஆளுக்கு ஒரு வரிசை. குனிந்த முதுகுகள் சரிவில் ஒரே கோடாக ஏறின. கோகிலவாணியின் கைதான் வேகம். மற்றவர்கள் ஒரு தடவை கொத்துவதற்குள் அவள் கொத்தி, உதறி, ஓரமாகப் போட்டிருந்தாள். ஆனால் கோட்டைத் தாண்டி ஓரடிகூட அவள் போகவில்லை. தன் தலை மற்றவர்களுக்கு முன்னால் நீண்டதும் நின்றாள். பக்கத்தில் பார்த்தாள். அங்கே ஒரு பெண் இருமி இருமி மிகவும் மெதுவாக வந்துகொண்டிருந்தார். கோகிலவாணி அவருடைய வரிசையில் பாதியைத் தன் கைக்குள் இழுத்துக்கொண்டாள். இரண்டு பேரும் சமமானதும் கோடு மறுபடி நகர்ந்தது.

டீச்சர் என் பக்கம் திரும்பவில்லை. காட்டைப் பார்த்தபடியே சொன்னார். "முரளி, ஒன்பது."

எனக்கும் அந்த நேரத்தில்தான் விளங்கியது.

வெற்றிலை போட எல்லோரும் வரப்பில் உட்கார்ந்தபோது டீச்சர் கேட்டார். "கோகிலா, பரீட்சையில ஒன்பதுக்கு மேல ஏன் போகலை?"

அவள் தாயைப் பார்த்தாள். தாய் ஒன்றும் சொல்லாததால் சொன்னாள். "ராதிகா பேனாவ வெச்சுட்டா மிஸ்."

"அதுக்கு?"

"அப்பறம் எல்லாரும் வெச்சுட்டோம்." இதில் கேட்பதற்கு என்ன இருக்கிறது என்பது போல அவள் குரல் இருந்தது.

ஒரு பெண் வாய் வெற்றிலையோடு சிரித்தாள். "மாத்தாளுல முந்திப் போறவள மறுநா எந்தக் காட்டுக்கும் கூப்புட மாட்டாங்க டீச்சரம்மா. முந்தறவ முந்திக்கிட்டுத் தனியாப் போவட்டும்னு உட்டுருவோம்!"

"பத்தாவது கேள்விய நீ படிச்சியா?" என்றார் டீச்சர்.

"படிச்சேன். ஒரு மொளகுக்கொடி ஒவ்வொரு தடவையும் ரெண்டா பிரியுது, பத்துத் தடவ பிரிஞ்சா எத்தன முனை இருக்கும்னு கேட்டிருந்தீங்க. ஆயிரத்து இருவத்தி நாலு." கொஞ்சம் தயங்கினாள். "ஆனா மொளகுக்கொடி அப்புடி வளராதுங்க மிஸ்."

எல்லோரும் சிரித்தார்கள். டீச்சரும் சிரித்தார். கண்ணாயி சிரிக்கவில்லை.

"இத எப்ப யோசிச்ச?"

"ராதிகா நின்னதுக்கு அப்பறம் மிஸ். சும்மாதான உக்காந்திருந்தேன்."

"மிச்சக் கேள்வி?" என்றார் டீச்சர்.

"பதிமூணு வரைக்கும் மனசுலயே போட்டேன். பதினாலு தெரியல." பிறகு, கேட்காமலே, முதல் தடவையாக, "அது எப்புடிங்க மிஸ் போடறது?" என்றாள்.

கண்ணாயி எழுந்தார். "பாத்துட்டீங்களா? அப்பக் கெளம்புங்க."

இருமிக்கொண்டிருந்த பெண்தான் குறுக்கே பேசினார். கண்ணாயியின் தங்கை பொன்னம்மாள். "சொல்லியே அனுப்பு அக்கா. பாவம், அவங்களுக்கு என்ன தெரியும்."

சொல்லும்போது கண்ணாயி எங்களைப் பார்க்கவில்லை. பல வருஷம் முன்னால் ஒரு வேன் வந்தது. கறுப்புக் கண்ணாடி, ஓட்டுகிறவன் முகம் தெரியாது. இறங்கிய ஆள் நன்றாகத்தான் பேசினான். இந்த ஊர்ல கெட்டிக்காரப் பொண்ணு எது, தேர்ந்தெடுத்துக் கூட்டிப் போறோம், வேலையும் உண்டு, படிப்பும் உண்டு என்றான். "நாந்தான் கை காட்டுனேன். எந்தங்கச்சிதான் கெட்டிக்காரின்னு. அவ்வளவு பெருமை எனக்கு." கீழே ஏதோ ஒரு நூல் மில். படிப்பு கடைசி வரை இல்லை. பொன்னம்மாள் திரும்பி வந்தபோது நெஞ்சுக்குள் பஞ்சு ஏறியிருந்தது.

"அன்னிக்கும் இதே பேச்சுத்தானுங்க. கெட்டிக்காரி. தேர்ந்தெடுத்து."

தூறல் ஒரு முடிவுக்கு வந்து விழத் தொடங்கியது. யாரும் நகரவில்லை. டீச்சர், "நான் அப்படிப்பட்டவள் இல்லை" என்று சொல்வார் என்று எதிர்பார்த்தேன். சொல்லவில்லை.

"என்னை நம்பச் சொல்லி நான் கேக்கலம்மா. சந்தேகத்தோடயே வாங்க. அறைக்கு வந்து நின்னு பாருங்க. கதவத் திறந்தே வெக்கறேன். யாரையும் எங்கயும் கூட்டிட்டுப் போகப் போறதில்ல. போட்டோ இல்ல. தேர்ந்தெடுக்கறதும் இல்ல, வர ஆசைப்படற பிள்ளை வரட்டும்."

"வந்து?"

"கோகிலா ஒண்ணாவதுல இருந்து நின்னு நின்னுதான் வந்திருக்கா. அது அவ நல்ல குணம். நான் கெடுக்க மாட்டேன். அஞ்சு நாளும் நிக்கட்டும். ரெண்டு மத்தியானம் மட்டும் நிக்காம போகட்டும்மா. பதினாலாவதப் போட்டுப் பாக்கட்டும்."

"போயிட்டு?"

"திரும்பி வந்து ராதிகா வரிசையப் பிடிக்கட்டும்."

கண்ணாயி களைக்கொத்தில் ஒட்டிய மண்ணை விரலால் வழித்தார். பிறகு டீச்சரின் முகத்தை, பஸ் டிரைவர்களைப் பார்க்கிற அதே பார்வை, மேலிருந்து கீழ் வரை பார்த்தார்.

"நீங்க எத்தன நாளுக்கு இங்க இருப்பீங்க?"

"தெரியலம்மா. மாத்தல் வந்தா போகத்தான் வேணும்."

"ம்." களைக்கொத்தைக் கைமாற்றிக்கொண்டு, "இங்க வந்த ஒருத்தரும் இதெச் சொன்னதில்லீங்க. எல்லாரும் இங்கயேதான் இருப்பேன்னாங்க" என்றார். வருகிறேன் என்றும் சொல்லவில்லை, அனுப்புகிறேன் என்றும் சொல்லவில்லை. வரிசைக்குத் திரும்பிப் போய்விட்டார். மற்றவர்களும் போனார்கள். கோகிலவாணி மட்டும் ஒரு தடவை திரும்பிப் பார்த்தாள்.

அந்த வாரம் டீச்சர் திட்டத்தை முதலிலிருந்து எழுதினார். சோதனை போனது. பெயர்ப் பட்டியல் போனது. புதிய தாள்களில் கேள்விகளுக்கு எண் மட்டும் இருந்தது, இத்தனையோடு முடிகிறது என்ற கணக்கு இல்லை. ஒருவர் பேனா வைத்தால் மற்றவர்களும் வைக்கத் தேவையில்லை என்பதைப் பிள்ளைகளுக்குத் தனியாகச் சொல்லித் தர வேண்டியிருந்தது. அதைச் சொல்வதுதான் கணக்கைவிடக் கடினம் என்றார். கடைசி அரை மணி நேரம் முன்னால் போனவர்கள் திரும்பி வந்து, எந்த வழியாகப் போனோம் என்று பின்னால் இருப்பவர்களுக்குக் காட்ட வேண்டும். அந்த அரை மணி தவிர மற்ற நேரத்தில் யாரும் யாருக்காகவும் காத்திருக்கக் கூடாது.

பிலிப் சார் படித்துப் பார்த்தார். "சந்தேகப்படற அம்மாவக் கொண்டுவந்து வாசல்ல நிறுத்தினா நாளைக்கு ஊரே வந்து நிக்கும்."

"நிக்கட்டும் சார்."

"அப்ப அந்த ஒன்பது?"

"அது காப்பி இல்ல சார்." டீச்சர் விளக்கினார். பிலிப் சார் முழுதாக நம்பினார் என்று சொல்ல முடியாது. ஆனால் என்னைப் பார்த்து, "டீ சாப்பிட்டீங்களா?" என்றார்.

முதல் செவ்வாய்க்கிழமை மத்தியானம். பிள்ளைகள் வந்து உட்கார்ந்தார்கள். ராதிகாவும் வந்தாள். கோகிலவாணியின் இடம் காலியாக இருந்தது. டீச்சர் கதவை விரியத் திறந்து வைத்தார். திறந்த கதவைக் குரங்குகள் எங்களுக்கு முன்பே பார்த்துவிட்டன. ஒன்று வராந்தாச் சுவரில் ஏறி உட்கார்ந்தது.

அப்போது ஒரு தடி வந்து சுவரில் அடித்தது. குரங்கு ஓடியது. கண்ணாயி நின்றுகொண்டிருந்தார். கையில் அவர் உயரத்துக்கு ஒரு மூங்கில் தடி. பக்கத்தில் கோகிலவாணி.

"போ உள்ள" என்றார் மகளிடம். டீச்சரிடம், "நான் இங்கயே நிக்கறேனுங்க. கொரங்குக்கு" என்றார்.

உள்ளே வந்து உட்காரச் சொன்னதற்கு வேண்டாம் என்றுவிட்டார். நிலைப்படிக்கு வெளியே, அறையின் நாலு மூலையும் தெரிகிற இடமாகப் பார்த்துக் குந்தினார். குரங்கு வந்தபோது மட்டும் கை அசைந்தது. கண் டீச்சரை விட்டு நகரவில்லை. டீச்சர் ஒரு பிள்ளையின் தோளைத் தொட்டால் கண் அங்கே போகும். நான் கம்ப்யூட்டரைத் திறந்தால் என்னிடம் வரும். எனக்கு வழக்கமான கூச்சம்கூட வரவில்லை. கவனிக்கிற வேலையை அன்று எனக்குப் பதிலாக வேறொருவர் செய்துகொண்டிருந்தார்.

ஆரம்பத்தில் எல்லாப் பேனாக்களும் ஓடின. பிறகு ராதிகா எட்டில் திணறினாள், ஒன்பதில் கொஞ்சம் எழுதினாள், அடித்தாள், பேனாவைக் கீழே வைத்தாள். பெஞ்சுப் பலகையில் பிளாஸ்டிக் பட்ட சின்னச் சத்தம். அடுத்த பேனா வைக்கப்பட்டது. அதற்கடுத்தது. டீச்சர் வாயைத் திறந்து, மூடிக்கொண்டார்.

கோகிலவாணி பதினொன்றின் நடுவில் இருந்தாள். அவள் கை நின்றது. ராதிகாவைப் பார்த்தாள். டீச்சரைப் பார்க்கவில்லை. மெதுவாகத் தலையைத் திருப்பி வாசலைப் பார்த்தாள்.

கண்ணாயி தடியைத் தரையில் ஒரு தட்டுத் தட்டினார்.

"என்னய எதுக்குப் பாக்கற? பேப்பரப் பாரு."

கோகிலவாணி குனிந்தாள். பேனா மறுபடி ஓடத் தொடங்கியது. கொஞ்ச நேரத்தில் இன்னொரு பேனாவும் சேர்ந்துகொண்டது. கண்ணாயி மகளை அதற்கு மேல் பார்க்கவில்லை. டீச்சர் நடக்கிற பக்கமெல்லாம் அவர் கண்ணும் நடந்தது.